மூலை எதிரொளிப்பான்

ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்ந்த மூன்று சமதள ஆடிகளின் அமைப்பு. உட்புறம் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். இரண்டு ஆடிகளை மட்டும் இப்படி இணைத்தால் இடவல மாற்றமில்லாத ஆடி கிடைக்கும்.

சமதள ஆடி இடத்தை வலமாக்குகிறது என்பது வழக்கமான பேச்சு. உண்மையில் அது புரட்டுவது முன்பின்னை மட்டுமே. வலக்கை வலப்பக்கமே தெரிகிறது. நிமிர்ந்து நிற்கும் இரு ஆடிகளின் மூலையில் இடவலமும் சேர்ந்து புரளும். இரண்டு புரட்டல்கள் சேர்ந்தால் ஒரு சுழற்சி. அதனால் பிறர் காணும் நம் முகத்தையே அங்கே காண்கிறோம். இணைப்புக் கோட்டைக் கிடையாக வைத்தால் அதே முகம் தலைகீழாகும். கோணம் 90 பாகையிலிருந்து இம்மி பிசகினாலும் நடுமுகத்தில் ஒரு கீற்று மறையும், அல்லது இரட்டிக்கும். உட்புறம் வளைந்த ஆடியிலும் இடவலம் மாறாமல் தெரியும் என்பதைப் பிளேட்டோ ‘டிமேயஸ்’ நூலில் குறிப்பிட்டிருக்கிறார். புரட்டாத ஆடிக்கு 1887-இல் ஜான் ஜோசப் ஹூக்கர் காப்புரிமை பெற்றார்.

மூன்றாவது ஆடி சேரும்போது கதிரின் திசைக்குரிய மூன்று கூறுகளும் எதிர்க்குறி பெறுகின்றன; கதிர் வந்த வழிக்கு இணையாகத் திரும்புகிறது. அமைப்பு சற்றே சாய்ந்திருந்தாலும் இது மாறாது. இதன் மேன்மையே அதுதான்: குறிபார்த்துத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. ரேடாரில் மங்கலாகத் தெரியும் சிறு படகுகளின் பாய்மரத்தில் உலோகத் தகடுகளாலான மூலைகளைக் கட்டுகிறார்கள். சைக்கிளின் பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டரிலும் நுண்ணிய மூலைகளே நிறைந்துள்ளன.

மிகப் பெரிய பயன் நிலவில் விளைந்தது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் 100 சிலிக்கா மூலைப் பட்டகங்கள் கொண்ட பலகையை அங்கே வைத்தனர். ஆகஸ்ட் 1 அன்று கலிபோர்னியாவின் லிக் வானாய்வகம் அதிலிருந்து திரும்பிய லேசர் ஒளியைப் பெற்றது. ஒளி போய்வர ஆகும் ஏறத்தாழ இரண்டரை விநாடியை நுட்பமாக அளந்து, நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுவதைக் கணித்தார்கள். அப்பல்லோ 14 கொண்டுசென்ற பலகையிலும் 100 பட்டகங்கள். அப்பல்லோ 15-இல் 300.

மின்சாரமோ பராமரிப்போ மூலை எதிரொளிப்பானுக்குத் தேவையில்லை. எதிரொளிப்பானுடன் 1970-இல் நிலவில் இறங்கிய சோவியத் ஊர்தி லூனகோத் 1, நின்ற இடம் துல்லியமாகத் தெரியாமல் பல பத்தாண்டுகள் கிடந்தது. நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த படங்களின் துணையோடு, 2010-இல் டாம் மர்பி குழுவினர் நியூ மெக்சிகோவின் அபாச்சி பாயின்ட் வானாய்வகத்திலிருந்து லேசர் செலுத்தினார்கள். எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாகவே பதில் வந்தது. சந்திரயான் 3-இன் விக்ரம் தரையிறங்கு கலம், எட்டுப் பட்டகங்கள் கொண்ட, 5 செ.மீ. அகலமே உள்ள நாசாவின் எதிரொளிப்பானைச் சுமந்து சென்றது. 2023 டிசம்பர் 12 அன்று நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. கலம் லேசர் துடிப்பை அனுப்பி, அதிலிருந்து திரும்பிய ஒளியைப் பதிவுசெய்தது.