ஓரிரவு இருக்கையும் ஒப்பமில்லாத ஓவியங்களும்

காஞ்சியின் தென்புறத்தில், பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள ஓரிக்கை, பெயரிலேயே ஒரு கதையைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர். திருமழிசை ஆழ்வாரின் சீடரான கணிகண்ணன் பல்லவ மன்னனின் விருப்பத்துக்கு இசைய மறுத்தார், நாடு கடத்தப்பட்டார். சீடர் போகவே ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் போகவே திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓரிரவு தங்கிய இடமே ஓரிரவு இருக்கை. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பது தலபுராணம். நகரம் இருண்டது, மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான், எல்லோரும் திரும்பினார்கள். இந்தப் பெயர்க்காரணத்தை மொழியியலாளர்கள் ஏற்பார்களா என்பது வேறு விஷயம். சொல்லை விலைக்குக் கேட்ட புரவலனிடமிருந்து வெளியேறிய ஒருவனின் நினைவாக ஓர் ஊர் நிற்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

இன்று ஓரிக்கைக்குப் போகிறவர்களில் பலர், கருங்கல்லில் எழுந்து 2011இல் குடமுழுக்குக் கண்ட மகாசுவாமிகள் மணிமண்டபத்தைப் பார்க்கப் போகிறவர்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும். பிள்ளையார்பாளையத்தைப் போல இதுவும் நெசவாளர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. நாம் பேச வந்தது அந்தத் தறிகளைப் பற்றி, இன்னும் சரியாகச் சொன்னால் தறிக்கு மேலே மாட்டியிருக்கும் அட்டைகளைப் பற்றி.

புடவையின் முந்தானையில் அன்னமும் யாளியும் இருதலைப் பட்சியும் வருகின்றன. கரையில் ருத்ராட்சமும் மயில் கண்ணும் கோபுரமும் ஓடுகின்றன. இவை தாமாக வருவதில்லை. ஒருவர் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு, பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம் என்று கணக்கிட்டு, அன்னத்தின் கழுத்து வளைவை நூற்றுக்கணக்கான சின்னச் சதுரங்களாக உடைத்து வரைகிறார். அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்துகிறார்கள். அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து ஜக்கார்டில் மாட்டுகிறார்கள். ஜக்கார்டு வருவதற்கு முன்னால் இதே வேலையை அடை கட்டிச் செய்தார்கள். கயிறுகளில் முடிச்சுப் போட்டு வைத்த ஓவியம் என்று அதைச் சொல்லலாம். தாளில் வளைவாக வரைவது எளிது, சதுரங்களால் வளைவை நினைவூட்டுவது அரிது. அதைச் செய்கிறவரை ஓவியர் என்று நாம் அழைப்பதில்லை, 'டிசைன் போடுகிறவர்' என்கிறோம். தாளுக்கு ஒருமுறை கூலி, அதோடு சரி. புடவை யார் யார் கைக்கோ போகிறது. அதில் கடையின் பெயர் இருக்கும், ஊரின் பெயர் இருக்கும், வரைந்தவர் பெயர் இராது.

ஓவியன் தன்னையும் தன் படத்தையும் எப்படி ஊரறியச் செய்வது என்னும் கேள்வியை இணையம் கொண்டுவந்த புதுக் கேள்வியாக இன்று பலர் பேசுகிறார்கள். அது நம் பக்கத்தில் குறைந்தது 130 ஆண்டுப் பழமை உடையது.

கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ்தான், படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்துப் பரப்பலாமே என்று ரவி வர்மாவுக்கு யோசனை சொன்னவர். அரண்மனைகளுக்கு வரைந்துகொண்டிருந்த கிளிமானூர்க்காரர் 1894இல் மும்பையில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். ஆனால் அச்சகம் கடனில் மூழ்கியது. ஷ்லைஷர் என்னும் ஜெர்மன் தொழில்நுட்பரிடம் அதை விற்க நேர்ந்தது. படங்கள் அதன் பிறகும் ஓடின. தீப்பெட்டிச் சீட்டிலும் துணி மூட்டைச் சீட்டிலும் ஏறின. வாங்கியவர்கள் சரஸ்வதியின் புடவைமேல் உண்மையான ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்துச் சட்டம் போட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அத்தகைய படங்களை நம்மில் சிலர் பார்த்திருப்போம். ஓவியர் விரும்பிய பரவல் கிடைத்தது; அதைக் கட்டுக்குள் வைப்பது மட்டும் அவர் கையில் இல்லை.

கோவில்பட்டியின் கொண்டைய ராஜு (1898–1976) கதை வேறுவிதம். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சிலகாலம் இருந்து, நாடகக் குழுவுக்குத் திரை எழுதிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தவர். அவரும் சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி நாள்காட்டிகளாயின. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் அவர் பெயரும் பல சமயம் சீடர் பெயரும் இருக்கும். கீழே மளிகைக் கடையின் பெயர் கொட்டை எழுத்தில். விளம்பரம் யாருக்கு என்று கேட்டால் கடைக்குத்தான். இருந்தாலும் அந்தப் பொடி எழுத்து இருந்தது. அதனால்தான் இன்று அவரைப் பற்றி எழுத முடிகிறது. நாம் இந்தப் பொடி எழுத்துக்கு மிகுந்த மதிப்புத் தருகிறோம். சிலருக்கு இது மிகையாகப் படலாம்.

சென்னைக்கு வருவோம். 1944இல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம் 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற சிறு இதழைக் கொண்டுவந்தது. ஓவியர்களே தம் காலத்து ஓவியத்தைப் பற்றி எழுதி, தாமே அச்சிட்டு, தாமே அனுப்பிய இதழ் அது. விமர்சகர் வந்து தம்மைக் கண்டுபிடிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கே.சி.எஸ். பணிக்கர் அப்போது அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர். அங்கிருந்து வெளிவரும் மாணவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். ஓவியம் விற்கவில்லை, ஆனால் பதிக் துணி விற்கும் என்று தெரிந்தது. பள்ளி நேரம் முடிந்ததும் மெழுகும் சாயமுமாக வேலை செய்து, கைவினைச் சங்கம் அமைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கையாலே கட்டிய குடிசைகள், பொதுவான காட்சிக்கூடம். துணிக்குச் சாயம் ஏற்றிய கை திரைச்சீலைக்கும் ஏற்றியது. முன்னது பின்னதற்குச் சோறு போட்டது. 1977இல் பணிக்கர் மறைந்த பிறகும் கிராமம் நின்றது, இன்றும் நிற்கிறது. இந்திய நவீன ஓவிய வரலாற்றில், தரகரும் புரவலரும் இல்லாமல் ஓவியர்களே தம் பிழைப்புக்கு வழி செய்துகொண்ட முயற்சிகளில் இதற்கு இணையாகச் சொல்ல நமக்கு மற்றொன்று தோன்றவில்லை.

அதே பள்ளியில் படித்தவர்கள் சிலர் எதிர்த்திசையில் போனார்கள். ஐம்பதுகளின் நடுவில் புபுல் ஜெயகரின் முயற்சியால் எழுந்த நெசவாளர் சேவை மையங்கள் ஓவியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தன. சென்னையில் ரெட்டப்ப நாயுடு, மும்பையில் பிரபாகர் பர்வே என்று பெரிய பெயர்கள் அங்கே வேலை பார்த்தன. காஞ்சியிலும் அத்தகைய மையம் உண்டு. நம் வாசகர்களுக்கு நெருக்கமான கே.எம். ஆதிமூலமும் (1938–2008) நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். பகலில் துணிக்கு வரைந்த வரைவுகளில் அவருக்கு ஒப்பமில்லை. அவரைத் தமிழுலகம் அறிந்தது 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களாலும், பணம் தர வழியில்லாத சிற்றிதழ்களுக்கு வரைந்து கொடுத்த படங்களாலும் தலைப்பெழுத்துகளாலும், பிறகு கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் வரைந்தவற்றாலும்தான். கூலி தந்த வேலை பெயர் தரவில்லை, பெயர் தந்த வேலை கூலி தரவில்லை. சிற்றிதழ்க்காரர்கள் ஓவியர்களுக்குப் பட்ட கடனை நாம் இன்னும் கணக்கிட்டு முடிக்கவில்லை.

இப்போது மறுபடி ஓரிக்கை. கைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. புதுக் கரை ஒன்றை நெய்து முடித்ததும் படமெடுத்து முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ போடலாம். மதுரையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் நேராகக் கேட்டு வாங்கலாம். முதலாளிக்கும் கடைக்கும் நடுவே நசுங்கியவர்களுக்கு இது ஓரிரவு இருக்கை அல்ல, நிலையான இருக்கை என்றே தோன்றும். சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. அது ஊரின் பெயரைக் காக்கும். ஒரு குறிப்பிட்ட அன்னத்தை வரைந்தவரைக் காக்காது. அதற்கு இருப்பது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு செய்தால் பத்து ஆண்டு, நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டு உரிமை. ஆனால் பதிவுக்கு முன் அந்த வடிவம் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. ஆர்வத்தில் முதலில் படத்தைப் போட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் அது புதிய வடிவமே அல்ல என்றாகிவிடும். பதிவு செய்யாவிட்டாலும் ஓவியம் என்ற முறையில் பதிப்புரிமை இருக்குமே என்று கேட்கலாம். பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல், அதைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால், அந்த உரிமை அற்றுப்போகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. தன் படைப்பு நன்றாக விற்றதே அதை இழக்கக் காரணமாகிறது. காட்டினால்தான் வாங்குவார்கள், காட்டினால் விசைத்தறியில் மலிவு நூலில் அதே மயில் ஏறி வரும். பல நெசவாளர்கள் புது டிசைனை மூடி வைப்பது பழமைவாதத்தால் அல்ல.

ரவி வர்மாவின் படங்களை நெய்த பட்டுப் புடவை ஒன்று சுமார் 40 லட்ச ரூபாய் விலையோடு 2008 வாக்கில் உலகச் சாதனையாகப் பேசப்பட்டது நண்பர்களுக்கு நினைவிருக்கும். இசைக்கலைஞர்களான பெண்கள் கூடியிருக்கும் அவருடைய புகழ்பெற்ற ஓவியம் அதன் முந்தானையில் இருந்தது. செய்திகளில் ஓவியரின் பெயர் வந்தது, நிறுவனத்தின் பெயர் வந்தது, தங்கம் வைரக் கணக்கும் வந்தது. அந்த முகங்களைக் கட்டங்களாக உடைத்து, ஆயிரக்கணக்கான அட்டைகளாக மாற்றி, நெய்யக் கூடியதாக்கியவர் பெயரை நாம் படித்த எந்தச் செய்தியிலும் காணோம்.

சில கூட்டுறவுச் சங்கங்களின் நிலைப்பேழைகளில் பழைய கட்டத்தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கணினியில் டிசைன் போடத் தொடங்கிய பிறகு அவற்றுக்கு வேலையில்லை. கரையான் அரிக்கும் முன் அவற்றை ஒளிவருடி எடுத்து வைக்க முன்வருவோர் உண்டென்றால், தாளின் பின்புறத்தையும் சேர்த்து எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கூலி கொடுத்த தேதியும் வாங்கியவர் பெயரும் சில தாள்களில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கக்கூடும்.