கோவலெவ்ஸ்கயா, சோஃபியா (1850–1891)

மாஸ்கோவில் பிறந்த ரஷ்யக் கணிதவியலாளர் சோஃபியா வசீலியெவ்னா கோவலெவ்ஸ்கயா, நவீனப் பல்கலைக்கழக முறையில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். இந்தச் சிறப்பே அவர் செய்த கணிதத்தைப் பெரிதும் மறைத்துவிட்டது. அன்றைய ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு இடமளிக்கவில்லை. வெளிநாடு செல்லத் தந்தை அல்லது கணவரின் அனுமதி வேண்டும். ஆகவே 1868-இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கியைப் பெயரளவில் மணந்து ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகமும் மறுத்ததால், கார்ல் வையர்ஸ்ட்ராஸ் அவருக்கு நான்கு ஆண்டுகள் தனியே கற்பித்தார். 1874-இல் மூன்று ஆய்வுகளுக்காக கோட்டிங்கன் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது.

ஆசிரியரின் கருத்துகளை விரித்தெழுதிய மாணவி என்று அவரை மதிப்பிடுவோர் உண்டு. அந்த மூன்றில் முதல் ஆய்வே இதற்கு மறுப்பு. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு அடுக்குத் தொடராகத் தீர்வு எப்போது கிடைக்கும் என்பதை அது வரையறுத்தது. இன்று அது கோஷி–கோவலெவ்ஸ்கயா தேற்றம். சமன்பாட்டிலிருந்து முறைப்படி பெறும் தொடர் ஒருங்கும் என்றே வையர்ஸ்ட்ராஸ் எதிர்பார்த்திருந்தார். வெப்பச் சமன்பாட்டில் தொடக்க நிலையை 1/(1−x) என்று வைத்துப் பார்த்தார் மாணவி. x = 0 என்ற இடத்தில் tⁿ-இன் கெழு (2n)!/n! ஆகிறது. கெழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால், t எவ்வளவு சிறிதாயினும் தொடர் விரிகிறது. ஆசிரியரின் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கும் இந்த எடுத்துக்காட்டை, சொன்னதைத் திருப்பி எழுதும் மாணவி தேடிப் போயிருக்க மாட்டார்.

படிகங்களில் ஒளிவிலகல் பற்றி அவர் 1885-இல் வெளியிட்ட கட்டுரையின் பிழையையும் சிலர் சுட்டுவர். 1891-இல் வீட்டோ வோல்டெரா கண்டுகாட்டிய அந்தப் பிழை உண்மையானது, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அதன் வேர் லாமேயின் பழைய தீர்வில் இருந்தது. வையர்ஸ்ட்ராஸின் முறையைப் பின்பற்றி எழுதிய கட்டுரையும் அதுவே. பிறர் வழியில் சென்ற ஓர் ஆய்வின் குறையைக் கொண்டு அவர் தாமே கண்ட வழியை அளக்க முடியாது.

அந்த வழி, ஒரு புள்ளியில் நிலைநிறுத்தப்பட்டுச் சுழலும் திண்பொருள் பற்றியது. ஆய்லரும் லக்ராஞ்சும் ஆளுக்கொரு வகையைத் தீர்த்திருந்தனர். அதன்பின் நெடுங்காலம் முன்னேற்றமில்லை. கோவலெவ்ஸ்கயா காலத்தையே கலப்பெண்ணாகக் கொண்டு, தீர்வுகளுக்குத் துருவங்களைத் தவிர வேறு சிறப்புப் புள்ளிகள் இல்லாதிருக்க எந்த நிபந்தனை வேண்டும் என்று கேட்டார். ஏற்கெனவே தெரிந்த வகைகளோடு புதிதாக ஒன்று கிடைத்தது: இரண்டு நிலைமத் திருப்புத்திறன்கள் சமமாகவும் மூன்றாவதைப் போல் இரு மடங்காகவும் இருக்க, நிறை மையம் அந்தச் சம அச்சுகளின் தளத்தில் அமையும் பம்பரம். அதன் இயக்கத்தைத் தீட்டா சார்புகளால் முழுமையாக எழுதியும் காட்டினார். இதற்கு 1888-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் போர்டின் பரிசு கிடைத்தது. எழுதியவர் பெயர் மறைக்கப்பட்ட போட்டி அது. பெண் என்பதற்காகப் பாராட்ட அங்கே வாய்ப்பில்லை. ஆய்வின் தரம் கருதிப் பரிசுத்தொகையை 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக உயர்த்தினர். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் பல்கலைக்கல்லூரி அவரை நிரந்தரப் பேராசிரியராக்கியது. ரஷ்ய அறிவியல் கழகமும் செபிஷேவ் முதலியோரின் முயற்சியால் தொடர்பு உறுப்பினர் மதிப்பை அளித்தது. தாய்நாட்டில் கற்பிக்கும் பதவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. 41 வயதில் ஸ்டாக்ஹோமில் இறந்தார். அவருடைய முறையை லியாபுனோவ் 1894-இல் செம்மைப்படுத்தினார். சிறப்புப் புள்ளிகளை வைத்தே பான்லெவே வகைக்கெழுச் சமன்பாடுகளை வகைப்படுத்தினார். ஓர் இயக்க அமைப்பை முழுமையாகத் தீர்க்க இயலுமா என்று சோதிப்போர் இன்றும் அந்தக் கேள்வியையே எழுப்புகின்றனர்.