சோபாரா ஸ்தூபி: ஒரே பேழையில் இரு காலச் சான்றுகள்

மும்பை: மாட்டுங்கா, தாராவி பகுதிகளை ஒட்டிச் செல்லும் மேற்கு ரயில்வே புறநகர்ப் பாதையில் வடக்கே பயணித்தால், பால்கர் மாவட்டத்தில் நாலாசோபாரா நிலையம் வருகிறது. இப்பெயரில் வழங்கும் சோபாரா, கிரேக்கப் பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் பழந்துறைமுகம் ஆகும். இலங்கைக்குச் செல்லும் வழியில் இளவரசன் விஜயன் இங்கு கரையிறங்கியதாக மகாவம்சம் கூறுகிறது.

இங்குள்ள செங்கல் மேடு ஒன்றை உள்ளூர் மக்கள் 'புருட் ராஜாவின் கோட்டை' என்று அழைத்து வந்தனர். ஜுனாகத்தில் பிறந்த தொல்லியல் அறிஞர் பகவான்லால் இந்திரஜி (1839-1888) அம்மேட்டை 1882-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அகழ்ந்தார். அது கோட்டையன்று, பௌத்த ஸ்தூபி என்பது அப்போது தெளிவானது.

ஸ்தூபியின் நடுவே பெரிய கற்பேழை ஒன்று இருந்தது. அதனுள் செப்புச் சிமிழைச் சுற்றி 8 வெண்கலப் புத்தர் உருவங்கள் வைக்கப்பட்டிருந்தன. செப்புச் சிமிழுக்குள் வெள்ளி, கல், படிகம், பொன் எனச் சிமிழ்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருந்தன. பொற்சிமிழில் பொன் மலர்களும், புத்தரின் பிச்சைப் பாத்திரத்தின் துண்டுகளாகப் போற்றப்பட்ட 13 மண்ணோடுகளும் இருந்தன.

இக்கண்டுபிடிப்பின் சிறப்பு, பொன்னைக் காட்டிலும் காலக் கணிப்பிலேயே உள்ளது. பேழையில் கிடைத்த சாதவாகன மன்னர் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் வெள்ளிக்காசு கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது தேயாதிருந்ததால், அச்சிடப்பட்ட சில காலத்திலேயே உள்ளே வைக்கப்பட்டிருக்க வேண்டும். வெண்கல உருவங்களோ கி.பி. 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டின் கலைப்பாணியில் அமைந்தவை. எனவே, சுமார் 6 நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்தூபி மீண்டும் திறக்கப்பட்டு, புதிய உருவங்கள் வைக்கப்பட்டு மூடப்பட்டது எனக் கொள்ளலாம். பொருள்கள் இருந்த இடத்தையும் அடுக்கையும் இந்திரஜி பதிவு செய்யாது விட்டிருந்தால் இவ்வரலாறு மறைந்திருக்கும்.

அதே 1882-இல் அசோகரின் 8-ஆம் பாறைக் கட்டளையின் ஒரு பகுதியும் சோபாராவில் அவருக்குக் கிடைத்தது. 9-ஆம் கட்டளையின் பகுதி 1956-இல் அருகிலுள்ள புய்காவ் கிராமத்தில் கண்டறியப்பட்டது. பேரரசின் ஆணைகள் பொறிக்கத்தக்க முக்கியத்துவம் இத்துறைமுகத்திற்கு இருந்ததை இவை உணர்த்துகின்றன.

சிமிழ்களும் வெண்கல உருவங்களும் மும்பை டவுன் ஹாலில் இயங்கும் ஆசியச் சங்கத்தின் பொறுப்பில் உள்ளன. அசோகர் கல்வெட்டுகள் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஸ்தூபி மட்டும் நாலாசோபாராவில் நிற்கிறது. இம்மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் சோபாராவின் வரலாறு முழுமை பெறும்.