தாதர் இந்து காலனியில் ஒரு வீடு

வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது இப்போது யாரும் நம் சாதியைக் கேட்பதில்லை. "சைவமா?" என்கிறார்கள். நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும் என்று நம்பும் தோழர்களுக்கு, பம்பாயின் ஒரு பழைய புறநகரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1896ல் பம்பாயில் பிளேக் பரவியது. 1898ல் பிரிட்டிஷ் அரசு இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்டை அமைத்தது. நெரிசலான குடியிருப்புகளை டிரஸ்ட் இடித்துத் தள்ளியது. தொழிலாளர்களுக்குச் 'சால்' எனப்படும் அறை வரிசைகளைக் கட்டியது. குழாயும் கழிப்பறையும் அங்கே பொது. அதே டிரஸ்ட்தான் நகரின் வடக்கு விளிம்பில் கிடந்த தாதர், மாதுங்கா நிலங்களை எடுத்து, அகலமான தெரு போட்டு, மரம் நட்டு, நடுத்தர வர்க்கத்துக்கு மனைகளாகப் பிரித்தது.

மனை வாங்கியவர்கள் எப்படிக் கூடினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பார்சிகளுக்குப் பார்சி காலனி. பக்கத்திலேயே இந்து காலனி. மாதுங்காவில் அலுவலக வேலைக்கு வந்த தமிழ்ப் பார்ப்பனர்கள். கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் என்ற நவீன ஏற்பாடும் பம்பாயில் சாதியின் பெயரிலேயே தொடங்கியது: 1915ல் காம்தேவியில் சாரஸ்வதப் பார்ப்பனர்கள் தங்களுக்கென ஒன்றை அமைத்தார்கள். அக்ரகாரத்துக்குப் பதிவு எண் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த நம் மக்கள் போய்ச் சேர்ந்தது தாராவி. பேசும் மொழி ஒன்று. மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம்.

இந்த இந்து காலனியில்தான் 1930களின் தொடக்கத்தில் அண்ணல் அம்பேத்கர் வீடு கட்டினார். அதற்குமுன் பல ஆண்டுகள் அவர் குடும்பம் பரேலில், அந்த டிரஸ்ட் கட்டிய சாலில்தான் இருந்தது. 1917ல் பரோடா அரசு வேலைக்குப் போனபோது அவருக்கு ஊரில் யாரும் தங்க இடம் தரவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்களும் கைவிரித்தார்கள். ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் காத்திருந்துவிட்டுப் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்கு நடந்தது இது.

புது வீட்டுக்குப் பௌத்த வரலாற்றிலிருந்து 'ராஜகிருகம்' என்று பெயர் வைத்தார். அதில் பெரும்பகுதி புத்தகங்களுக்கு. 1935 மே 27 அன்று ரமாபாய் அங்கேதான் காலமானார். அடுத்த ஆண்டு 'சாதி ஒழிப்பு' உரை அச்சானபோதும் அவர் வாழ்ந்த வீடு அதுதான். சாதியை ஒழிக்கச் சொன்ன உரைக்குப் பின்னால் இருந்த முகவரி, தாதர் இந்து காலனி!

ஒருவர் உள்ளே வந்துவிட்டதால் வேலி விழுந்துவிடவில்லை. அகமதாபாத்தில் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் ஒரு வீட்டு வசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமை என்றார்கள். பரோடா விடுதியை நினைக்காமல் நம்மால் அந்தத் தீர்ப்பைப் படிக்க முடியவில்லை.

2020 ஜூலை 7 அன்று ராஜகிருகத்தின் பூந்தொட்டிகளையும் ஜன்னல் கண்ணாடியையும் உடைத்தார்கள். டிசம்பர் 6ல் சைத்யபூமிக்கு வரும் மக்கள் இன்றும் ரயில் பாதையைத் தாண்டி இந்து காலனிக்குள் நடக்கிறார்கள், அந்த வீட்டைப் பார்க்க. போகிற தோழர்கள் வழியில் தெருவின் இரண்டு பக்கமும் உள்ள பெயர்ப்பலகைகளையும் படித்துக்கொண்டே போங்கள்.