519 பேர் நேரில் வந்தார்கள்

போலீஸ் அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சென்னை மாகாணத்தில் இது 170 வருடத்துக் கேள்வி.

1816-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். நிலவரி பாக்கி என்றால் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பார்கள். (நீங்கள் ஆடிய கிட்டிப்புள் இல்லை; இது கட்டைகளால் ஆன இடுக்கி.) வெயிலில் குனியவைத்துக் கட்டிப்போடுவதும் உண்டு. மேலே மனுக் கொடுத்தாலோ, பெரும்பாலும் அது அதே தாசில்தாரிடமே விசாரணைக்குத் திரும்பி வரும்! அப்புறம் எவன் மனுக் கொடுப்பான்?

1854-ல் லண்டன் பார்லிமெண்டில் இது பேச்சானது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கமிஷன் சென்னையில் உட்கார்ந்தது. வந்த புகார்கள் 1,959. அதில் 1,440 கடிதங்கள். மீதி 519 பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். சென்னைக்கு ரயிலே வராத காலம் அது. எனக்கு அந்த 519தான் பெரிய எண்.

சித்திரவதை உண்மை, நியாயம் கேட்க வழியில்லாததும் உண்மை என்று 1855-ல் அறிக்கை ஒப்புக்கொண்டது. 1859-ஆம் ஆண்டுச் சட்டம் போலீசைத் தனித் துறையாக்கியது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதி 1861-ல் வந்தது, இன்றும் இருக்கிறது.

இப்போது ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையவில்லையா, மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். 2023-ஆம் ஆண்டு நாகரிக் சுரக்ஷா சட்டம், பிரிவு 173(4). தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.