அக்கரைக்குப் போகுமுன் காற்றைப் பார்த்தவர்கள்

 

கப்பல் ஓட்டுபவரை மாலுமி என்கிறோம். அந்தச் சொல் அறபியில் உள்ள 'முஅல்லிம்' என்பதிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் ஆசிரியர். மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவரையும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம். கடலில் வழி சொல்பவருக்கு ஏன் ஆசிரியர் என்று பெயர் வந்தது என்பதற்கு நம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்து சேர்ந்த கதையே நல்ல விளக்கம்.

"சேர், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தானே? இதற்கா அவ்வளவு பயம்?" என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பதுண்டு. தூரத்தை மட்டும் பார்த்தால் அது சின்னக் கடல்தான். பயப்பட வேண்டியது அதன் ஆழமின்மைக்கு. ஆழமில்லாத நீரில் காற்று அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் எழும். பெரிய கப்பல் தாங்கும் அலையில் சிறு தோணி நிரம்பிவிடும். மணல் திட்டுகளுக்கு இடையே ஓடும் நீரோட்டமும் பருவக்காற்றோடு திசை மாறும்.

1914க்கு முன்பு தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளிலிருந்து பாய்த் தோணிகளில் ஏறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் ஏராளம். அந்தத் துறைகளில் தோணி வைத்திருந்தவர்களிலும் ஓட்டியவர்களிலும் நம் மரைக்காயர் சமூகத்தவர் பலர். ஏறி வந்தவர்கள் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து ஏழைகள். கடலையே முதல்முறை பார்த்தவர்கள் அவர்களில் அதிகம். தண்டையலின் சொல்லை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

தண்டையலின் கணக்கு என்ன? முதலில் மாதம். ஆதாம் பாலம் இந்தக் கடலை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை இது தலைகீழாகும். மாசி, பங்குனியில் இரண்டு பக்கமும் அமைதி. அடுத்தது நேரம். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும் என்பதால், விடியுமுன் புறப்பட்டவனுக்கு அமைதியான நேரம் கூடக் கிடைக்கும். மூன்றாவது பாரம். ஆள் கூடினால் தோணியின் விளிம்பு நீருக்குக் கிட்ட வந்துவிடும்.

இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. மிஹிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 25 மணி 36 நிமிடம் எடுத்தது. சியாமளா கோலி 2021 மார்ச்சிலும், ஜியா ராய் என்ற சிறுமி 2022 மார்ச்சிலும் அதே கடலை நீந்திக் கடந்தார்கள். மாதத்தைக் கவனியுங்கள். பின்னைய இருவரும் விடியுமுன்னே நீரில் இறங்கியவர்கள். பக்கத்தில் துணைப் படகு இல்லாமல் இவர்களில் யாரும் நீந்தவில்லை.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் நீராவிக் கப்பலும் வந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1912இல், களனிப் பள்ளத்தாக்குச் சிறிய ரயில் பாதை இரத்தினபுரியைத் தொட்டிருந்தது. மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, மருத்துவம் பார்த்து, துண்டு கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் கப்பலேறி, கோச்சியேறி, லயத்தில் வந்து இறங்கினார்கள். தோணியின் ஆபத்து தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு அந்த நினைப்பைப் புயல் உடைத்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் ஊரை நெருங்கும்போது சைகை விளக்கு இல்லாமல் நின்றது என்றும், சற்று நேரம் காத்திருந்து ஊதல் ஊதிவிட்டு நகர்ந்தது என்றும் சொல்லப்படுகிறது. கடல் எழுந்து அதை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் போனார்கள். தனுஷ்கோடி என்ற ஊரே போனது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிறகு நம் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். வந்தபோது காற்றைப் பார்த்து வந்த குடும்பங்கள், போகும்போது கடதாசியில் இருந்த திகதியைப் பார்த்துப் போயின.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்? மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்க வைக்கும் அதே கச்சான்தான் சிவனொளிபாத மலையில் மோதி, களு கங்கையாக நம்மிடம் இறங்குகிறது. 2003 மே, 2017 மே இரண்டையும் நாம் மறக்க முடியாது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் போன பிள்ளைகளும் மாண்டார்கள். அது சிறிய களப்புதான். பாலம் கட்டி முடியும்வரை என்று வைத்த தற்காலிக ஏற்பாடுதான்.

மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். தண்டையல் கேட்ட கேள்விகளையே பெற்றோரும் கேளுங்கள்: மேலே மழையா? இப்போது போகலாமா, ஒரு மணி நேரம் பொறுக்கலாமா? எத்தனை பேர் சேர்ந்து இறங்குகிறார்கள்? தண்ணீர் கலங்கி, ஏறிக்கொண்டு இருந்தால் அன்று பிள்ளையை அனுப்ப வேண்டாம். ஒருநாள் வரவு போனால் பாடத்தை நாங்கள் மறுபடி சொல்லிக் கொடுப்போம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் எந்தத் துறையில், எந்த மாதத்தில் ஏறினார்கள்? தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம்.