ரீஃபர் மேட்னஸ்: எச்சரிக்கைப் படம் நகைச்சுவைப் படமான வரலாறு

ரீஃபர் மேட்னஸ், 1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கஞ்சா எதிர்ப்புப் பிரசாரத் திரைப்படம். பெற்றோரை அச்சுறுத்தி எச்சரிக்க எடுக்கப்பட்ட இப்படம், ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின் கல்லூரி மாணவர்கள் கூடிச் சிரிக்கும் படமாகிவிட்டது. ‘ரீஃபர்’ என்பது கஞ்சாச் சுருட்டைக் குறிக்கும் அக்காலக் கொச்சைச் சொல். ‘மேட்னஸ்’ என்றால் பித்து.

பின்னணி

அமெரிக்க அரசு 1930இல் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தை நிறுவியது. அதன் முதல் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர், கஞ்சா மனிதரைக் கொலைகாரராகவும் பித்தராகவும் ஆக்கும் என்று ஓயாமல் பரப்புரை செய்தார். கஞ்சாவை மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களின் பழக்கமாகக் காட்டிய இனவெறுப்பும் அக்காலப் பத்திரிகைச் செய்திகளில் கலந்திருந்தது. 1937இல் கஞ்சா வரிச் சட்டம் வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் சாட்சியளித்த டாக்டர் வில்லியம் உட்வர்ட், தக்க சான்றுகள் முன்வைக்கப்படவில்லை என்று கூறி அதை எதிர்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

கதை

படத்தின் முதல் பெயர் ‘டெல் யுவர் சில்ட்ரன்’, அதாவது ‘உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’. ஒரு தேவாலயக் குழுவின் பணத்தில் எடுக்கப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. பிரான்சில் பிறந்த லூயி கஸ்னியே இயக்கினார்.

பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் உரையாற்றுவதுபோல் படம் தொடங்குகிறது. கஞ்சா விற்கும் வீடு ஒன்றுக்குப் பள்ளி மாணவர்கள் இழுக்கப்படுகிறார்கள். ஒருவன் காரை ஓட்டிச்சென்று பாதசாரிமீது மோதிவிடுகிறான். ஒரு பெண் சுட்டுக் கொல்லப்படுகிறாள்; பழி அவளுடைய காதலன்மேல் விழுகிறது. இன்னொருத்தி உண்மையை ஒப்புக்கொண்டபின் சன்னல் வழியே குதித்து உயிரை விடுகிறாள். ரால்ஃப் என்பவன் முழுப் பித்தனாகி ஆயுள் முழுவதும் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்படுகிறான். அவன் கண்களை உருட்டிக்கொண்டு, பியானோவை இன்னும் வேகமாக வாசிக்கச் சொல்லித் துரத்தும் காட்சியே படத்தில் மிகுந்த சிரிப்பை எழுப்புவது. கடைசியில் தலைமையாசிரியர் பார்வையாளரை நோக்கி விரலை நீட்டி எச்சரிக்கிறார்.

விற்பனைக்கு வந்த அறவுரை

1934 முதல் ஹாலிவுட்டில் கடுமையாகச் செயல்படுத்தப்பட்ட தணிக்கை விதிகள், பெரிய நிறுவனப் படங்களில் போதைப்பொருள் கடத்தலைக் காட்டத் தடை விதித்தன. சிறு வணிகர்கள் சிலர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டனர். ‘கல்விப் படம்’ என்ற போர்வையில், மற்ற இடங்களில் பார்க்க முடியாத காட்சிகளைக் காட்டி ஊர் ஊராகப் பணம் பார்த்தனர். அவர்களுள் ஒருவரான ட்வைன் எஸ்பர் இப்படத்தை வாங்கி, கிளர்ச்சியூட்டும் காட்சிகளைச் சேர்த்துத் திரையிட்டார். அறத்துக்காக எடுத்த படம், அது எதை இடித்துரைத்ததோ அதையே காட்டிக் காசு சேர்த்தது.

மறுவாழ்வு

மறக்கப்பட்டுவிட்ட இப்படத்தைக் கஞ்சாச் சட்டச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய வழக்கறிஞர் கீத் ஸ்ட்ரூப், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுத்தார். 297 டாலர் கொடுத்துப் பிரதி ஒன்றை வாங்கினார். 1972இல் கலிபோர்னியாவில் கஞ்சாத் தடையை நீக்கக் கோரிய பொது வாக்கெடுப்புக்கு நிதி திரட்ட, அது கல்லூரிகளில் திரையிடப்பட்டது. கஞ்சாவை ஒழிக்க எடுத்த படம் கஞ்சாவுக்கு ஆதரவாக நிதி திரட்டியது! வாக்கெடுப்பு தோற்றது, படம் வென்றது. பதிப்புரிமை இல்லாத படம் என்று கண்ட நியூ லைன் சினிமா நிறுவனமும் அதைக் கல்லூரிகளுக்கு வழங்கி வளர்ந்தது. 1998இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இது கேலி இசை நாடகமானது; 2005இல் அந்நாடகம் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது.

மதிப்பீடு

நடிப்பும் வசனமும் மிகைப்பட்டவை என்பது சிரிப்புக்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், 1970களின் மாணவர்கள் கஞ்சாவை நேரில் அறிந்திருந்தனர். ஒரு சுருட்டில் கொலைவெறி வரும் என்று திரை சொன்னபோது, அது பொய் என்று அவர்களுக்குத் தெரிந்தது. ‘புலி வருது’ கதையில் சிறுவனை ஊரார் நம்பாமற்போனது இப்படித்தான். ஆனால் அக்கதையில் புலி கடைசியில் உண்மையாகவே வந்தது. வளரும் பருவத்தினருக்குக் கஞ்சாவால் நினைவாற்றலும் கவனமும் குன்றக்கூடும். சிலருக்கு மனநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. மிகைப்படுத்திய எச்சரிக்கையைக் கேட்டுச் சிரித்துப் பழகிய செவிகளில் இந்த உண்மையும் ஏறுவதில்லை. பிள்ளைகளிடம் ஒருமுறை பொய் சொல்லி அச்சுறுத்தினால், அடுத்து நாம் சொல்லும் மெய்யும் மதிப்பிழக்கும். ‘உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’ என்று பெயர் வைத்தவர்கள், என்ன சொல்வது என்பதில்தான் தவறினார்கள்.